அம்மாவோட கொல்லை காடா கெடக்கு, வீல்சேர்ல போய் வர்ற மாதிரி மாத்தணும், வழி சொல்லுங்க

கொல்லைக்கதவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு பதில் போடுங்க ப்ளீஸ்.

எங்க வீடு கும்பகோணம் பக்கம். பழைய ஓட்டு வீடு, திண்ணை ரேழி கூடம் முத்தம்னு நீளமாப் போயி கடைசில அடுப்பங்கரை, அதுக்குப் பின்னாடி கொல்லை. அகலம் 22 அடிதான் ஆனா நீளம் 70 அடி இருக்கு. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டு மதில். பின்னாடி ஒரு சந்து, அங்க 4 அடி கதவு ஒண்ணு இருக்கு.

அம்மாவுக்கு 71 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து இடது கை இடது கால் ரெண்டும் சரியா வரல. வீட்டுக்குள்ள வாக்கர் புடிச்சு பத்து பதினஞ்சு அடி நடப்பாங்க, அதுக்கு மேல வீல்சேர்தான். தள்ளுறது அப்பா, அவருக்கு 76. நான் சென்னைல வேலை, மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போவேன்.

அம்மாவுக்குக் கொல்லைன்னா உசுரு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு கதவைத் தொறந்து போனாங்கன்னா காபிக்குத்தான் உள்ள வருவாங்க. கீரைப் பாத்தி, அவரைப் பந்தல், கத்தரி, கிணத்தடில வாழை, எங்க வீட்டுல கருவேப்பிலைய யாரும் காசு குடுத்து வாங்கினதே கிடையாது. அவங்க படுத்ததுலேந்து அந்தப் பக்கம் யாரும் போகல. இப்ப இடுப்பு உயரத்துக்கு பார்த்தீனியமும் நாயுருவியும் கோரையும், இடிஞ்சு கெடக்குற மாட்டுக்கொட்டகை ஓரமா ஒரு சீமைக்கருவேலம் வேற வந்திருக்கு, கிணத்து மேடையே கண்ணுக்குத் தெரியல. அம்மா வீல்சேரை அடுப்பங்கரை கதவுகிட்ட போட்டுக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. போன புரட்டாசில ஒருநாள் காலைல "பவழமல்லி வாசனை வருது, பூவெல்லாம் புதருக்குள்ள விழுந்து வீணாப் போகுது, பொறுக்கக்கூட ஆள் இல்லையா"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

அதனால கொல்லையை சுத்தம் பண்ணி அவங்க வீல்சேர்லயே உள்ள போய் வர்ற மாதிரி, முடிஞ்சா திரும்பவும் செடி வைக்கிற மாதிரி பண்ணணும். கையில 2.5 லட்சம் வரைக்கும் இருக்கு. கொல்லை வாசல்ல 3 படி, படிக்கு 7 இன்ச். கதவு அகலம் 30 இன்ச், கீழ 3 இன்ச் நிலைச்சட்டம் இருக்கு. கொத்தனார் வந்து பாத்துட்டு 8 அடிக்கு ஒரு சரிவு போட்டா போதும், மீதிக்கு டைல்ஸ் ஒட்டிடலாம்னு சொல்றார். எனக்கு மனசுக்குச் சரியாப் படல. எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல.

திருச்சி சிவில் எழுதியது:

உங்க மனசுக்குப் பட்டது சரிதாங்க. அந்த 8 அடி சரிவை மறந்துடுங்க. 3 படி சேந்தா 21 இன்ச், அதை 8 அடில எறக்கினா கிட்டத்தட்ட நாலரை அடிக்கு ஒரு அடி எறக்கம், அது பைக் ஏத்துற பலகை மாதிரி. உங்க அப்பா தள்ளி ஏத்தவும் முடியாது, எறங்கும்போது புடிச்சு நிறுத்தவும் முடியாது.

மத்திய அரசு 2021ல வெளியிட்ட அணுகல் நெறிமுறைல 12க்கு 1தான் எல்லை. மனசுல வச்சுக்க சுலபம், எத்தனை இன்ச் உயரமோ அத்தனை அடி நீளம். உங்களுக்கு 21 இன்ச், அப்ப கொறஞ்சது 21 அடி. ஆனா அது எல்லைதானே தவிர வசதி இல்ல, 76 வயசு ஆளு தினம் தள்ளணும்னா 20க்கு 1 வச்சாதான் மூச்சு வாங்காம போக முடியும். அதுக்கு 35 அடி வேணும். நெறைய பேருக்கு அந்த இடம் இருக்காது, ஆனா உங்ககிட்ட 70 அடி நீளக் கொல்லை இருக்கு, அதுதான் உங்களுக்கு வரம். தனியா சரிவுன்னு ஒண்ணு கட்டாதீங்க, பாதையையே சரிவாக்கிடுங்க. கதவுகிட்ட 5 அடிக்கு 5 அடி சமமா ஒரு மேடை, அங்கேந்து 17½ அடி மெதுவா எறக்கம், நடுவுல 5 அடி சமதளம் இளைப்பாற, அப்புறம் மறுபடி 17½ அடி. கூட்டிப் பாருங்க, 45 அடி வரும். கிணறு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லுங்க, அநேகமா கிணத்தடில போயி நிக்கும்.

முக்கியமா ஒண்ணு. வீட்டுச் சுவத்துல மண்ணை அணைச்சு நெரப்பிடாதீங்க. பழைய சுண்ணாம்புக் கட்டா இருக்கும், ஓதம் ஏறி அடுப்பங்கரை சுவர் உப்பிப் பேந்துரும். சுவருக்கும் மேடைக்கும் நடுவுல முக்கா அடி விட்டு சின்ன வாய்க்காலா கட்டிருங்க, கதவுக்கு நேரா மட்டும் மேல இரும்பு ஜல்லடை போட்டு மூடுங்க. ஜல்லடைக் கம்பி வண்டி போற திசைக்குக் குறுக்கால இருக்கணும், இடைவெளி அரை இன்ச்சுக்கு மேல கூடாது, இல்லன்னா வீல்சேரோட முன் சக்கரம் மாட்டிக்கும்.

அப்புறம் உங்க மண்ணு களி. வெயில்ல வெடிக்கும் மழைல உப்பும். கொல்லைல வெட்டின மண்ணையே பாதைக்கு நெரப்பாதீங்க, செம்மண் கிராவல் அடிச்சு அரை அடி அரை அடியா போட்டு தண்ணி விட்டு திமிசுக் கட்டையால இடிச்சுக் கெட்டி பண்ணச் சொல்லுங்க. நெரப்பின உடனே மேல தளம் போடாம ஒரு மழை பாக்கணும், அமுங்குறது அப்பவே அமுங்கிரும். தளத்துக்கு பேவர் பிளாக் போடலாம், நாளைக்கு எங்கயாவது எறங்கினாலும் தூக்கிட்டு சரி பண்ணிக்கலாம். டைல்ஸ் மட்டும் வேணாம், ஐப்பசில சறுக்கி விழுவீங்க.

மன்னார்குடி விவசாயி எழுதியது:

சிவில் தம்பி சொன்னதெல்லாம் பின்னாடி, முதல்ல காட்டை வெட்டுறதுல ஆளுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கங்கம்மா. ரெண்டு வருஷம் யாரும் போகாத எடம், இடிஞ்ச கொட்டகை, செங்கல் குவியல், தேங்கா மட்டை, இதெல்லாம் எலிக்கு வீடு, எலி இருந்தா பாம்பு இருக்கும். நம்ம பக்கம் நல்ல பாம்பும் உண்டு கண்ணாடி விரியனும் உண்டு. சாரை இருந்தா அது எலியத் தின்னுட்டுப் போகும், அடிக்காதீங்க. வெட்டுற ஆளுக்கு முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ், கையில நீளக் கம்பு, தரையத் தட்டிக்கிட்டே போகணும். வீட்டுப் பக்கத்துலேந்து ஆரம்பிச்சு சந்துக் கதவு பக்கமா வெட்டிக்கிட்டே போங்க, அப்பதான் உள்ள இருக்குறது வெளிய போகும். பின்னாடிலேந்து வெட்டினா எல்லாம் அடுப்பங்கரைக்குத்தான் வரும். பாம்பப் பாத்துட்டா நிறுத்திட்டு 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்புலேந்து வந்து புடிப்பாங்க. மீறி யாரையாவது கடிச்சுட்டா கட்டுப் போடுறது கீறி விடுறது எதுவும் பண்ணாம 108ல நேரா அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு ஊசி அங்க இருக்கும்.

இதைவிடப் பயம் எனக்கு பழைய குழிதான். எங்க தெருவுல ஒரு கொல்லைல புதர் வெட்டப் போன ஆளு மூடியிருந்த பழைய கக்கூஸ் குழில கடப்பாக்கல் ஒடஞ்சு உள்ள போயிட்டாரு, கால் ஒடஞ்சதோட தப்பிச்சாரு. அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் உக்காந்து கேளுங்க, எங்க குழி இருந்துச்சு, எங்க எருக்குழி, எங்க உறை எறக்கினாங்கன்னு. கேட்டாலும் கடப்பாரையால குத்திக் குத்திப் பாத்துட்டுத்தான் கால வைக்கணும்.

பார்த்தீனியத்த பூக்குறதுக்கு முன்னாடி, மண்ணு ஈரமா இருக்கும்போது வேரோட புடுங்கணும். கைல உறை, மூக்குல துணி, சில பேருக்கு தொட்டாலே தோல் தடிச்சு இழுப்பு வரைக்கும் போகும், அம்மாவ அன்னிக்கு கதவுகிட்ட உக்கார வைக்காதீங்க. எரிக்கவும் வேணாம். கோரைக்கு ஏர் ஓட்டுற மெஷின் விட்டீங்கன்னா ஒரு கிழங்கு நூறாப் போயிரும், மண்வெட்டியால தோண்டி கிழங்கப் பொறுக்கித்தான் ஆகணும், வேற வழி கிடையாது, பேவர் சந்துல கூட முளைச்சு வரும் அது. கருவேலத்த தரையோட அறுத்தா நாலு கெளையா வரும், ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி அடிக்கட்டைய எடுத்துருங்க.

எல்லாத்தையும் மொட்டையடிச்சுறாதீங்கம்மா. வேம்பு, மா எதாவது இருந்தா விட்டுருங்க, நிழல் இல்லாத கொல்லைல வெயில் காலத்துல யாரும் உக்கார முடியாது. தென்னை இருந்தா அதுக்குக் கீழ மட்டும் பாதை வேண்டாம்.

நாலுசக்கரம் மதுரை எழுதியது:

நான் 14 வருஷமா வீல்சேர்ல இருக்கேன், முதுகுத்தண்டு அடிபட்டது. உங்க பதிவை நேத்து ராத்திரி படிச்சதுலேந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதான் காலைல முதல் வேலையா எழுதுறேன்.

சகோதரி, அகலம் நீளம் எல்லாம் அளக்குறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க, "கொல்லைல உனக்கு எங்க போகணும், அங்க போய் என்ன செய்யணும்". நீங்களா முடிவு பண்ணாதீங்க. எனக்கு அடிபட்டு ஒரு வருஷம் கழிச்சு எங்க வீட்டுல எனக்காக அழகா ஒரு சிமெண்ட் மேடை கட்டி பூச்செடி வச்சுக் குடுத்தாங்க, நான் அங்க போகவே இல்ல. எனக்கு ஆட்டுக் கொட்டிலுக்குப் போகணும், அதுக்கு வழி இல்ல. அவங்களுக்குப் பாசம் இல்லாம இல்ல, கேக்கல அவ்வளவுதான்.

அடுத்தது கைப்பிடி. அம்மாவுக்கு வலது கைதானே நல்லாருக்கு, போகும்போது வலது பக்கம் இருக்குற கம்பி திரும்பி வரும்போது இடது பக்கம் ஆயிடும். நெறைய பேரு ஒரு பக்கம் மட்டும் போட்டுட்டு முடிச்சிருவாங்க. ரெண்டு பக்கமும் போடுங்க, இரண்டரை அடில ஒண்ணு மூணு அடில ஒண்ணு. நடந்து பழக மேல் கம்பி, வண்டில உக்காந்தபடி புடிச்சு இழுத்துக்க கீழ் கம்பி. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) ஒன்றரை இன்ச் போதும், கை நல்லா சுத்திப் புடிக்கும். பாதை ஓரத்துல 4 இன்ச் உயரத்துக்கு விளிம்பு கட்டுங்க சக்கரம் தப்பாம இருக்க, நடுநடுவுல தண்ணி போக ஓட்டை விட்டு.

பாதை முடியிற எடத்துல 5 அடிக்கு 5 அடி திரும்ப எடம் இல்லன்னா அப்பா அவங்கள பின்னாடியே இழுத்துக்கிட்டு வரணும், பாதை 4 அடி அகலம் இருந்தாலும் அது பத்தாது. அங்கயே ஒரு வயர்லெஸ் காலிங் பெல் பட்டனை கம்பத்துல வச்சிருங்க. வண்டில இருக்குறவங்களுக்கு திடீர்னு மழை வந்தா ஓட முடியாது, தனியா விட்டுட்டுப் போன பயம் வந்துட்டா அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டாங்க.

பேவர் பிளாக் விஷயத்துல மட்டும் சிவில் நண்பர் கூட ஒத்துப் போக முடியல. சாதா பேவர்ல ஒவ்வொரு கல்லுக்கும் ஓரம் சீவியிருப்பாங்க, அது மேல போனா டகடகன்னு முதுகெலும்பு வரைக்கும் ஆடும். பக்கவாதம் வந்த தோள் கொஞ்சம் எறங்கி இருக்கும், அந்த ஆட்டத்துல ராத்திரி வலி எடுக்கும். என் ஓட்டு கான்கிரீட், காயறதுக்கு முன்னாடி குறுக்கால துடைப்பத்தால ஒரு இழுப்பு இழுத்து சொரசொரப்பு பண்ணினது. மெரினாவுல 2022 நவம்பர்ல மரப்பாதை தொறந்தாங்க இல்ல, நான் மெட்ராஸ் போயி அதுல கடல்கிட்ட வரைக்கும் போனேன், வாழ்க்கைல முதல் தடவை அலை சத்தம் அவ்வளவு பக்கத்துல. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அதுல ஒரு பகுதி பேந்து போச்சு, அப்புறம் சரி பண்ணினாங்க. திறந்தவெளில போடுறது எதுவா இருந்தாலும் மழைக்கும் காத்துக்கும் நிக்கணும், அதை யோசிச்சுப் போடுங்க.

திருச்சி சிவில் எழுதியது:

மதுரை அண்ணா, நீங்க சொல்ற ஆட்டம் எனக்குத் தெரியாத விஷயம், நாங்க நடக்குறவங்க கணக்குலதான் பாக்குறோம். களிமண்ணுல கான்கிரீட் வெடிக்கும்னுதான் நான் பேவர் சொன்னேன். 5 அடிக்கு ஒரு தடவை இடைவெளி விட்டு துண்டு துண்டா போட்டா வெடிப்பு அந்த இடைவெளிலயே அடங்கிடும், கீழ கெட்டி பண்றதுல மட்டும் ஏமாத்தக் கூடாது. பக்கத்துல எங்கயாவது பேவர் போட்ட எடம் இருந்தா அம்மாவ வண்டில ஒரு நூறடி தள்ளிட்டுப் போய்ப் பாருங்க, அவங்களே சொல்லிருவாங்க. எதைப் போட்டாலும் 4 அடி அகலத்துக்கு ஒரு இன்ச் மட்டும் ஒரு பக்கம் சாயட்டும், தண்ணி நிக்காது. அதுக்கு மேல சாஞ்சா வண்டி ஓரத்துக்கு இழுத்துக்கிட்டே இருக்கும்.

கொல்லைக்கதவு எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மதுரை அண்ணா சொன்ன கேள்வியத்தான் முதல்ல கேட்டேன். நான் கிணத்தடின்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன், கிணறு சரியா 44 அடில இருக்கு. அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "கிணத்துல எனக்கு என்ன வேலை இனிமே, தண்ணி எறைக்கப் போறேனா, அந்தக் கோடில பவழமல்லிகிட்ட போகணும், அப்புறம் என் கையால ஒரு பிடி கீரை பறிக்கணும்"னு சொன்னாங்க. பவழமல்லி 60 அடில வலது மூலைல இருக்கு. இதைக் கேக்காம விட்டிருந்தா கிணத்தோட பாதைய முடிச்சிருப்பேன்.

பேவர் டெஸ்ட்டும் பண்ணினோம், பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்து வாசல்ல போட்டிருக்காங்க. ஒரு சுத்து வந்ததுமே அம்மா தோளைப் புடிச்சுக்கிட்டாங்க. கான்கிரீட்தான்னு முடிவு.

அப்பாகிட்ட நிலைச்சட்டத்த அறுக்கலாமான்னு பயந்துக்கிட்டே கேட்டேன், வாசல் நிலைனா யோசிக்கணும் இது கொல்லை வாசல்தானே அறுத்துருன்னுட்டாங்க. கீரை பறிக்கிறது எப்படி? தரைல பாத்தி போட்டா குனிய முடியாது. அதுக்கு யாராவது சொல்லுங்களேன்.

கோவை மாடித்தோட்டம் எழுதியது:

அதுக்கு நான் சொல்றேனுங்க. என் மாமியாருக்கு ரெண்டு முட்டியும் போயி உக்காந்தபடியேதான் தோட்ட வேலை பாக்குறாங்க, ஆறு வருசமா தப்பு பண்ணிப் பண்ணிக் கத்துக்கிட்டது இது.

உயரப் பாத்தின்னு எல்லாரும் ஹாலோ பிளாக் மூணு வரிசை அடுக்கி மண்ணு கொட்டுவாங்க, 2 அடி உயரம் வரும். நின்னு வேலை செய்யறவங்களுக்கும் திண்டு மேல உக்காந்து செய்யறவங்களுக்கும் அது அருமை. ஆனா வீல்சேர்ல இருக்குறவங்க கால் முன்னாடி முட்டும், அதனால பக்கவாட்டுல நிறுத்தி உடம்பத் திருப்பித் திருப்பி செய்யணும். உங்க அம்மாவுக்கு ஒரு பக்கம்தான் பலம், முறுக்கினா சாஞ்சிருவாங்க. அவங்களுக்கு மேசை மாதிரி பாத்திதான் சரி, முட்டி உள்ள போகணும். இரும்பு ஆங்கிள்ல சட்டம் அடிச்சு மேல தொட்டி. முட்டிக்கு மேல வர்ற எடத்துல மண்ணு ஆழம் 5 இன்ச் போதும், பின்னாடி போகப் போக 10 இன்ச் வரைக்கும் ஆழமா சாய்ச்சு அடிக்கச் சொல்லுங்க. எல்லா எடத்துலயும் ஒரே ஆழம் வச்சீங்கன்னா ஒண்ணு முட்டி இடிக்கும் இல்லன்னா தொட்டி மேல போயி தோளைத் தூக்கித் தூக்கி செய்யணும், நான் முதல்ல அந்தத் தப்பத்தான் பண்ணினேன். வெல்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி அம்மாவ வண்டில உக்கார வச்சு தரைலேந்து முட்டி எவ்வளவு, முழங்கை எவ்வளவுன்னு டேப்ல அளந்து எழுதிக்கங்க, கால் வைக்கிற தகடு முன்னாடி எவ்வளவு நீட்டுதுன்னும் பாருங்க. கை எட்டுறது 2 அடிதான், அதுக்கு மேல அகலம் வச்சா பின்னாடி வரிசை வீணாப் போகும்.

முன்னாடி 5 இன்ச்ல அரைக்கீரை சிறுகீரை வெந்தயக்கீரை எல்லாம் நல்லா வரும். முதல்ல அரைக்கீரை போடுங்க, ஒரு மாசத்துல பறிக்கலாம், கிள்ளக் கிள்ள திரும்பத் துளுக்கும். பின்னாடி ஆழத்துல தூதுவளை வேணாம் முள்ளு குத்தும், கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சை, கத்தரி ரெண்டு வைங்க. மண்ணு மட்டும் போட்டா சட்டம் தாங்காது, தென்னை நார்க்கழிவு பாதி, மக்கின தொழு உரம் கால், செம்மண் கால். சின்ன ஆழம்கிறதால வெயில் காலத்துல ரெண்டு வேளை தண்ணி வேணும். டாப்பு திருகுறது வைக்காதீங்க, நெம்பி விடுற டாப்பு மூணு அடி உயரத்துல, உள்ளங்கையால தட்டினா தொறக்கணும். கொத்தற குச்சி, சின்னக் கரண்டி எல்லாத்தோட பிடிக்கும் பழைய சைக்கிள் ட்யூப சுத்தி விடுங்க, தடிமனா இருந்தா ஒத்தைக் கைல வழுக்காது.

பவழமல்லிக்கு ஒரு யோசனை. பூ தரைலதானே விழுது, உக்காந்தபடி எடுக்க முடியாது. மரத்துக்குக் கீழ நாலு குச்சி நட்டு மடி உயரத்துல பழைய கொசுவலைய தளர்வாக் கட்டிருங்க. ராத்திரி பூத்து விடியக்காலம் உதிர்றது எல்லாம் வலைல விழும், அம்மா வண்டில போயி அள்ளிக்கலாம். மண்ணும் ஒட்டாது.

மன்னார்குடி விவசாயி எழுதியது:

கொசுவலை யோசனை ரொம்ப நல்லாருக்கு. வேலைய பங்குனிக்குள்ள ஆரம்பிங்கம்மா, ஐப்பசி மழைக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சு கெட்டியாயிருக்கணும். கிணத்துக் கைப்பிடிச்சுவர் ஒடஞ்சிருந்தா கட்டி மேல கம்பி வலை போட்டுருங்க.

கொல்லைக்கதவு எழுதியது:

ஆறு மாசம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிக்கணும். நடுவுல எழுத நேரமே கெடைக்கல. இப்ப ஆவணி, வேலை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு.

மாசி கடைசில நாலு ஆளு வச்சு வெட்ட ஆரம்பிச்சோம், பதினோரு நாள் ஆச்சு. மன்னார்குடி ஐயா, உங்களுக்குக் கோடி நன்றி. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி கடப்பாரையால குத்தினப்ப டொக்குன்னு சத்தம், தோண்டிப் பாத்தா பழைய செங்கல் குழி, ஆறு அடி ஆழம், மேல மூடியிருந்த கடப்பாக்கல் பாதில வெடிச்சிருக்கு. அப்பாவுக்கே ஞாபகம் இல்ல, தாத்தா காலத்துக் குழியாம். அதுக்கு மேலதான் பவழமல்லிக்குப் போற பாதை வந்திருக்கணும். கொட்டகை செங்கலயே போட்டு நெரப்பி மண்ணு அடிச்சுக் கெட்டி பண்ணினோம். ஒரு சாரைப்பாம்பு மட்டும் போச்சு, யாரும் தொடல.

ஜேசிபி உள்ள வராது, கிராவல் எல்லாம் சந்துக் கதவு வழியா சட்டில சுமந்துதான், கூலி அதுலதான் ஏறிடுச்சு. நெரப்பிட்டு சிவில் அண்ணா சொன்ன மாதிரி காத்திருந்தோம். கொத்தனாருக்குப் பொறுமை இல்ல, தினம் போன் பண்ணி எப்ப கான்கிரீட் எப்ப கான்கிரீட்னு. சித்திரைல ரெண்டு கோடை மழை பெஞ்சுது, நடு சமதளம் வர்ற எடத்துல 2 இன்ச் அமுங்கிருந்துச்சு. அதைப் பாத்ததுக்கு அப்புறம் அவரே ஒண்ணும் சொல்லல, திரும்ப கிராவல் போட்டு அவர் கையாலயே திமிசு போட்டார். வைகாசில கான்கிரீட், துடைப்ப இழுப்பு குறுக்கால. கிணத்துக்கு அப்புறம் 15 அடி சமமாப் போயி பவழமல்லிகிட்ட 5 அடிக்கு 5 அடி திரும்புற எடம். கதவுகிட்ட மேடைய உள்தரைய விட அரை இன்ச் தாழ்த்தி, மேல தகரத்துல ஒரு தாழ்வாரம் எறக்கியிருக்கோம், சாரல் உள்ள வரல.

மக்களைத் தேடி மருத்துவம்கிற அரசுத் திட்டத்துல வீட்டுக்கு வர்ற பிசியோ பொண்ணு, கம்பி போட்டதப் பாத்துட்டு தினம் மேடைலேந்து நடு சமதளம் வரைக்கும் அம்மாவ மேல் கம்பி புடிச்சு நடக்க வைக்கச் சொல்லிட்டுப் போச்சு. மொதல் வாரம் நாலு அடி. இப்ப அந்த 17½ அடியும் போறாங்க, வரும்போது மட்டும் வண்டி.

மேசைப் பாத்தி ரெண்டு அடிச்சோம். முதல்ல அடிச்சதுல கால் வைக்கிற தகடு குறுக்குச் சட்டத்துல இடிச்சுது, கோவை அக்கா சொல்லியும் நான் அதை மட்டும் அளக்க விட்டுட்டேன், வெல்டர் சட்டத்தப் பின்னாடி தள்ளிக் குடுத்தார். அரைக்கீரை ஒரு தடவை பறிச்சாச்சு. முதல் பறிப்புல ஒரு பிடி எனக்கு பஸ்ல குடுத்து அனுப்பினாங்க, சென்னை வர்றதுக்குள்ள வாடிருச்சு, இருந்தாலும் கடைஞ்சு சாப்பிட்டேன். பவழமல்லி இப்பதான் பூக்க ஆரம்பிச்சிருக்கு, கொசுவலைல நேத்து காலைல முப்பது நாப்பது பூ. அப்பா சாமிக்கு எடுத்து வச்சுட்டு மீதிய அம்மா தலைமாட்டுல ஒரு தட்டுல போட்டு வச்சிருக்காங்களாம்.

மொத்தம் 2 லட்சத்து 80 ஆயிரம் ஆயிருக்கு, நெனச்சத விட 30 ஆயிரம் அதிகம்.

ஒரே ஒரு பிரச்சனை. பதினோரு மணிக்கு மேல ஜிஐ கம்பி கொதிக்குது, அம்மாவால கை வைக்க முடியல. பெயிண்ட் அடிச்சும் பாத்துட்டோம், அதே சூடு. என்ன பண்றது?

நாலுசக்கரம் மதுரை எழுதியது:

அந்த 17½ அடி நடையப் படிச்சிட்டு வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன் சகோதரி. கம்பிக்கு கயிறு சுத்துங்க, சாதா தேங்காநார்க் கயிறு, மெல்லிசா பாத்து வாங்கி நெருக்கமா சுத்திக்கிட்டே போங்க. சூடும் ஏறாது, மழைலயும் வழுக்காது. நார் கைல குத்தாம இருக்க சுத்தினதுக்கு அப்புறம் ஒரு பழைய கோணிச் சாக்கால அழுத்தித் தேச்சு விடுங்க. என் வீட்டு வாசல் கம்பில நாலு வருஷமா அதுதான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறேன்.

கொல்லைக்கதவு எழுதியது:

கயிறு வாங்கிட்டு வந்து அப்பா சுத்த ஆரம்பிச்சிருக்காங்க, அம்மா "நீங்க இப்படி சுத்தினா நாலு நாள்ல அவுந்துரும்"னு சொல்லி வாங்கி வலது கையாலயே சுத்தினாங்களாம், அப்பா முனையப் புடிச்சுக்கிட்டு கூடவே நகந்திருக்காங்க. மூணு நாளா தினம் சாயங்காலம் அதுதான் வேலை. மேல் கம்பி ரெண்டு பக்கமும் முடிஞ்சுது. கீழ் கம்பில இன்னும் 10 அடி பாக்கி, கயிறு தீந்து போச்சுன்னு இப்பதான் போன் வந்துச்சு, இந்தத் தடவை போகும்போது வாங்கிட்டுப் போகணும்.